ஒத்தக்கை

பந்து பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டால், அதைக் கையால் திரும்ப உள்ளே எறிகிறவன் செய்ய வேண்டியது அதிகமில்லை. மைதானத்தைப் பார்த்து நிற்க வேண்டும். இரண்டு பாதமும் கோட்டின்மேலோ, கோட்டுக்கு வெளியிலோ தரையில் பட்டிருக்க வேண்டும். இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, தலைக்குப் பின்னாலிருந்து கொண்டுவந்து, தலைக்கு மேலாக எறிய வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் ஃபவுல் த்ரோ. எறியும் வாய்ப்பு எதிர் டீமுக்குப் போய்விடும். சட்டம் அவ்வளவுதான். இதைப் படித்துத்தான் நான் ரெஃப்ரி ஆனேன். இதை வைத்துத்தான் ஒரே மேட்சில் என் சிநேகிதனுக்கு எதிராக மூன்று முறை விசில் அடித்தேன்.

கால்பந்து பார்க்க வருகிறவர்களில் த்ரோவைப் பார்க்கிறவர்கள் யாரும் கிடையாது. கோல் விழுந்தால் ஒரு வாரம் பேசுவார்கள், பெனால்டி கொடுத்தால் வண்டியை மறித்து நியாயம் கேட்பார்கள். த்ரோ போடுகிற நேரத்தில் தண்ணீர் குடிப்பார்கள், செல்போனை எடுத்துப் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்து ரெஃப்ரிகளிலும் பாதிப் பேர் அதைக் கண்டுகொள்வதில்லை. பந்து உள்ளே வந்துவிட்டதா, ஆட்டம் ஓடட்டும் என்று விட்டுவிடுவார்கள். நான் விடமாட்டேன். த்ரோ என்றால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். அதில் எனக்குப் பெருமை வேறு. இப்போது நினைத்தால் அந்தப் பெருமையைச் செருப்பால் அடிக்கலாம் போலிருக்கிறது.

பிழைப்பும் எனக்கு அப்படித்தான் அமைந்தது. பம்மலில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. லேத்தில் கடைந்து வருகிற பீஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, அளவு பார்க்கிற கேஜில் நுழைத்துப் பார்ப்பேன். நுழைந்தால் இந்த டிரே, நுழையாவிட்டால் அந்த டிரே. முக்கால்வாசி சரி என்று ஒரு பீஸும் கிடையாது. லேத் ஓட்டுகிறவர்கள் என்னைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பார்கள். இருபது வருஷமாக இதையே செய்துகொண்டிருந்தால் மனுஷனுக்கு எதைப் பார்த்தாலும் இரண்டு டிரேதான் தெரியும்.

அந்தச் சிநேகிதனும் நானும் பம்மலில் ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே டீமில் ஆடியவர்கள். அவன் ரைட் பேக், நான் அவனுக்கு முன்னால் அதே பக்கத்தில். அவன் போடுகிற த்ரோவுக்கு அந்த வட்டாரத்தில் பெயர் இருந்தது. நான்கு எட்டு ஓடிவந்து, முதுகை வில்லாக வளைத்து எறிந்தால் பந்து நேராக கோல் வாசலில் போய் விழும். எங்களுக்குக் கார்னர் கிடைப்பதைவிட அவன் கையில் த்ரோ கிடைப்பதற்குத்தான் எதிர் டீம்கள் பயந்தன. காலை நம்பி ஆடுகிற ஆட்டத்தில் கையை வைத்துப் பேர் வாங்கியவன் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவன் இரண்டு கையையும் நீட்டிக் காட்டி, "இன்ஷூர் பண்ணணும் மச்சான்" என்பான்.

அந்தக் கையால்தான் அவன் வண்டியும் ஓட்டினான். பம்மலிலிருந்து பல்லாவரம் வரை ஷேர் ஆட்டோ. ஹேண்டில் பிடித்து ஓட்டுகிற பழைய வகை வண்டி. இடது கையில் க்ளட்ச், கியரும் அதே கையில். மேடு பள்ளமான அந்த ரோட்டில் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் முறை அந்தக் க்ளட்சைப் பிடித்திருப்பானோ.

என் முட்டி போனபின் ஆட்டத்தை விட்டுவிட்டு நான் ரெஃப்ரி பரீட்சை எழுதினேன். நான் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு முதல் மேட்சுக்கு வந்த அன்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அவனே ஒரு ஏற்பாடு சொன்னான். வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே நான் "சார்". கோட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் பழையபடி "மச்சான்". மற்றவர்கள் தப்பாக நினைக்கக் கூடாது பார், அதற்காக. விளையாட்டாகச் சொன்னது வழக்கமாகிவிட்டது. உள்ளே இருக்கும்போது அவன் என்னை மறந்தும் மச்சான் என்று கூப்பிட்டதில்லை. ஆனால் அதிலும் ஒரு வழி கண்டுபிடித்தான். த்ரோ போடுகிறவன் கோட்டுக்கு வெளியே அல்லவா நிற்கிறான்? பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, நான் பக்கத்தில் இருந்தால் மட்டும் காதில் விழுகிற மாதிரி, "இன்னா மச்சான், வூட்ல எல்லாம் சௌக்கியமா?" என்பான். நான் சிரிப்பை அடக்க விசிலைக் கடித்துக்கொள்வேன். பந்தை எறிந்துவிட்டுக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்ததும் மறுபடி சார்.

த்ரோவை நியாயமாகப் பார்ப்பது சொல்வதுபோல் சுலபம் இல்லை. ஒரே நேரத்தில் கையையும் காலையும் பார்க்க முடியாது. பெரிய மேட்சுகளில் கோட்டோரம் கொடி பிடிக்கிறவர் பாதத்தைப் பார்ப்பார், ரெஃப்ரி கையைப் பார்ப்பார். எங்கள் மேட்சுகளில் கொடி பிடிக்க யார் கிடைத்தாலும் சரிதான். பேப்பர் படித்துக்கொண்டே கொடி பிடித்தவர்கள் எல்லாம் உண்டு. அதனால் நான் ஒரு முறை வைத்திருந்தேன். ஓடிவரும்போது பாதம், கை பின்னால் போனதும் கை, பந்து புறப்பட்டதும் பந்து. பந்து சுழலாமல் போனால் இரண்டு கையும் ஒரே மாதிரி வேலை செய்திருக்கிறது. பக்கவாட்டில் சுழன்றுகொண்டு போனால் ஒரு கை தள்ளியிருக்கிறது, இன்னொன்று சும்மா ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இதற்குக் கிரவுண்டில் "ஒத்தக்கை" என்று பேர். பந்து சுழன்றதற்காக மட்டும் ஃபவுல் கொடுக்கக் கூடாது, அது சந்தேகம்தான். அடுத்த முறை கையை இன்னும் கவனமாகப் பார் என்று பந்து சொல்கிறது, அவ்வளவுதான். இதை நான் மற்ற ரெஃப்ரிகளுக்கு உட்காரவைத்து வகுப்பே எடுத்திருக்கிறேன்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்த சமயத்தில், டீக்கடையில் அவன் இடது கையை உதறிக்கொண்டே சொன்னான்.

"க்ளட்ச் ரொம்ப டைட்டா கீது மச்சான். கேபிள் மாத்தியும் அப்டியேதான் கீது. பேஜாரா கீது."

"நல்ல கேபிளா போடு. லோக்கல் கேபிள் போட்டா அப்படித்தான்" என்றேன்.

எனக்கு எல்லாவற்றிலும் ஒரு குவாலிட்டி அபிப்பிராயம் இருக்கும். அவன் தலையை ஆட்டினான். டீ கிளாஸை வலது கைக்கு மாற்றிக்கொண்டான். நான் அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

அதற்கு இரண்டு வாரம் கழித்துப் பொழிச்சலூர் பக்கத்தில் ஒரு டோர்னமென்ட். ஏர்போர்ட் பக்கம் என்பதால் தலைக்கு மேல் விமானம் தாழப் பறக்கிற கிரவுண்ட். எங்கள் பழைய டீமுக்கும் முடிச்சூர் டீமுக்கும் செமி ஃபைனல். வர வேண்டிய ரெஃப்ரி வரவில்லை, என்னைப் போட்டார்கள். முடிச்சூர்க்காரர்கள் முகம் சுருங்கிப்போனது. "பம்மல் ஆளு விசில் அடிச்சா பம்மல்தான ஜெயிக்கும்" என்று ஒருவர் எனக்குக் கேட்கும்படியே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. இன்றைக்கு நான் யார் என்று காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். நியாயமாக இருப்பது வேறு, நியாயமானவன் என்று பேர் வாங்க ஆசைப்படுவது வேறு. அன்றைக்கு எனக்கு இரண்டாவதுதான் இருந்தது.

முதல் பத்து நிமிடத்துக்குள் அவனுக்கு ஒரு த்ரோ. ஓடிவந்து எறிந்தான். பந்து கோணலாகச் சுழன்றுகொண்டு, வழக்கமான தூரத்தில் பாதிகூடப் போகாமல் விழுந்தது. இடது கை தலைக்குப் பின்னால் போகவே இல்லை, காதோடு நின்றுவிட்டது. கண்ணால் பார்த்தேன். விசில் அடித்து, அந்தப் பக்கம் கை காட்டினேன். அவன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டாவது, இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால். இந்த முறை ஓடாமல் நின்ற இடத்திலிருந்தே எறிந்தான். அதே கதை. வலது கை தள்ளியது, இடது கை பந்தைத் தடவிவிட்டு இறங்கியது. மறுபடி விசில். ஓரத்தில் இருந்தவர்கள் "ஒத்தக்கை, ஒத்தக்கை" என்று கத்தி ஓட்ட ஆரம்பித்தார்கள். யாரோ வாளியைத் தட்டித் தாளம் போட்டார்கள். அவன் கேப்டன் வந்து என்னிடம் கேட்கவில்லை, அவனைத் திட்டினார். "ஒயுங்கா போட மாட்டியாடா? இன்னா ஆச்சு உனக்கு?" இவ்வளவு நல்ல த்ரோக்காரன் இப்படிப் போட்டால் நான்கூட அப்படித்தான் நினைத்தேன். கவனம் இல்லை, வயசாகிறது, மெத்தனம். என்னிடம் இருந்தது இரண்டு டிரே. அவன் ரிஜெக்ட் டிரேயில் விழுந்தான்.

மூன்றாவது, ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடிச்சூர் கோலுக்குப் பக்கத்தில் த்ரோ. அவனுக்கென்றே அமைந்த இடம். கேப்டன் அவனைத்தான் போடச் சொன்னார். அவன் பந்தை எடுத்து ஜெர்சியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். நான் மூன்றடி தூரத்தில் நின்றேன்.

"மச்சான்" என்றான்.

வழக்கமான கிண்டல் குரல் இல்லை அது. மெதுவாக, என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். விட்டுக்கொடு என்று கேட்கிறான் என்று நினைத்தேன். முடிச்சூர்க்காரர்கள் எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காது சூடானது.

"சார்னு கூப்பிடு" என்றேன்.

"நான் வெளியதான கீறேன்."

"டைம் வேஸ்ட் பண்ணாத. போடு."

அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மேலே ஒரு விமானம் போயிற்று. விமானச் சத்தத்தில் கேட்கவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். விமானம் வருவதற்கு முன்பே நான் இரண்டடி பின்னால் நகர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கேட்கக் கூடாது என்றுதான் நகர்ந்தேன்.

அவன் எறிந்தான். வலது கையால் பந்தைத் தூக்கி, இடது கையை அதன்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து மேலே கொண்டுபோகப் பார்த்தான். இடது கை பாதியில் கழன்று விழுந்தது. விசில் அடித்தேன். த்ரோ முடிச்சூருக்குப் போனது. அதை வாங்கி ஓடியவர்கள் மூன்றே பாஸில் எங்கள் கோலில் போட்டுவிட்டார்கள். ஆட்டம் முடிந்தது.

என்னை யாரும் திட்டவில்லை. நான் கொடுத்த மூன்றும் சரி என்று பார்த்த எல்லோருக்கும் தெரியும். முன்பு எனக்குக் கேட்கும்படி பேசிய அதே முடிச்சூர் ஆள் வந்து என் முதுகில் தட்டி, "நேர்மைன்னா உங்க நேர்மை சார்" என்றார். எனக்கு அது இனித்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இனித்தது. திட்டெல்லாம் அவனுக்குத்தான். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அவன் கிரவுண்டை விட்டு வெளியே வந்தான். நான் கிரவுண்ட் கேட் அருகே நின்றிருந்தேன். கோட்டைத் தாண்டி எத்தனையோ தூரம் வந்தாயிற்று. வலது கையை நீட்டி என் கையைக் குலுக்கினான்.

"தேங்க்ஸ் சார்" என்றான்.

அதன்பிறகு ஏழெட்டு மாதம் நாங்கள் பேசவில்லை. முன்பெல்லாம் சாயந்திரம் நான் வேலை முடிந்து ரோட்டில் நடந்தால், ஆட்டோவை மெதுவாக்கி ஏதாவது கத்திவிட்டுப் போவான். இப்போது நேராகப் பார்த்துக்கொண்டு போனான். ஆட்டோ ஸ்டாண்டில் அவனுக்கு ஒத்தக்கை என்றே பேர் வைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஒர்க்‌ஷாப்பில் மத்தியானம் சாப்பிடும்போது நானே அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். தப்பாகப் போட்டது அவன், நான் ஏன் போய்ப் பேச வேண்டும் என்று வீம்பு. அவன் ஆட்டத்துக்கு வருவது நின்றுபோனது. ரோஷம் என்று நினைத்தேன். பிறகு ஆட்டோவும் கண்ணில் படவில்லை. ரூட் மாற்றிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்கு எதற்கும் ஒரு விளக்கம் கிடைத்துக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் சாயந்திரம் பம்மல் பஸ் ஸ்டாப் அருகே மருந்துக்கடையில் அவன் மனைவியைப் பார்த்தேன். தாம்பரத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை செய்கிறவர். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு நின்றார். இளைத்திருந்தார். எப்படி இருக்கிறான் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதா அண்ணா?" என்றார். கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் கேட்டார், குத்திக்காட்டவில்லை. "வண்டிய வுட்டுட்டாரு. க்ளட்ச் டைட்டு டைட்டுன்னு மூணு தபா கேபிள் மாத்தினாரு. கடைசில மெக்கானிக்குதான் சொன்னாரு, கேபிள்ல ஒண்ணும் இல்ல, உன் கையக் காட்டுன்னு. இப்ப சாப்புடறது, சட்டை போடறது, எல்லாமே ஒத்தக்கைதாண்ணா. அந்தக் கையும் போவும்னு சொல்லிட்டாங்க."

ஃபைலைத் திறந்து ஒரு காகிதத்தைக் காட்டினார். இங்கிலீஷில் மூன்று எழுத்தில் ஒரு நோயின் பேர். நரம்பு ஒவ்வொன்றாக வேலையை நிறுத்திக்கொண்டே வரும், கை, கால், பேச்சு, கடைசியில் மூச்சு, மருந்து கிடையாது என்று டாக்டர் சொன்னதை அவர் மனப்பாடம் செய்ததுபோல் ஒப்பித்தார். எத்தனையோ பேரிடம் சொல்லியிருப்பார்.

"எப்பலேருந்துன்னு டாக்டர் கேட்டாரு" என்றார். "இவருக்குச் சொல்லத் தெரில. அப்பால உங்க மேட்ச சொன்னாரு. ரெஃப்ரி மூணு தபா ஃபவுல் குடுத்தாரு, அன்னிக்குத்தான் கை சரியில்லன்னு தெரிஞ்சுதுன்னு. டாக்டர் அந்தத் தேதியத்தான் எழுதிக்கினாரு. மொதல்ல பாத்தது நீங்கதாண்ணா."

வீட்டுக்கு எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. அந்த நோயை இந்த உலகத்தில் முதலில் பார்த்தவன் நான். மூன்றடி தூரத்தில் நின்று, பட்டப்பகலில், ஒரு முறைக்கு மூன்று முறையாகப் பார்த்தேன். எந்தக் கை, எவ்வளவு உயரத்தில் நின்றது என்பது வரைக்கும் சரியாகப் பார்த்தேன். பார்த்ததற்கு நான் வைத்த பேர் ஃபவுல். முன்பே கண்டுபிடித்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று பிறகு பலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அது எனக்கும் தெரியும். என்னை அரித்தது அது இல்லை.

மறுநாள் போனேன். இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இடது கை மடியில் தனியாகக் கிடந்தது. என்னைப் பார்த்ததும், "வா சார்" என்றான். உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வேலை எப்படி, முட்டி எப்படி என்று அவன்தான் கேட்டான். எழுந்து வந்துவிட்டேன். மறுவாரம் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். ஒவ்வொரு முறையும் சார்தான்.

ஒரு நாள் அவன் மடியில் பந்து இருந்தது. வீட்டில் கிடந்த பழைய பந்து, காற்று பாதி போனது. விரல் மடங்கிப் போகாமல் இருக்க எதையாவது பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லியிருந்தார்களாம். என்னைப் பார்த்ததும் வலது கையை அடியில் கொடுத்து, இடது கையைத் தூக்கி மேலே வைத்து, பந்தை நெஞ்சு வரைக்கும் கொண்டுவந்து தள்ளினான். அது வாசல்படியில் விழுந்து சந்துக்கு உருண்டது.

"இன்னா சார், சரியா?" என்றான்.

"சரிதான். நல்லாத்தான் போட்ட" என்றேன்.

அவன் முகம் மாறிவிட்டது. அப்படி ஒரு கோபத்தை அவனிடம் அந்த மேட்ச் அன்றுகூட நான் பார்த்ததில்லை.

"போட்டது ஒத்தக்கை. எனக்கே தெரியுது, உனுக்குத் தெர்லயா? வர்றவன் போறவன் எல்லாம் நல்லா கீற, நல்லா கீறன்றான். டாக்டர் சிரிச்சுக்கினே பேசறாரு. நீ ஒருத்தன்தான் பார்த்தத சொல்றவன்னு நெனச்சுக்கினு இருந்தேன். நீயும் ஆரம்பிச்சுட்டியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, அன்றைக்கு விசில் அடித்திருக்கக் கூடாது, மன்னித்துவிடு என்று உளறினேன்.

"விசில் அடிச்சதுக்கு இன்னா? ஃபவுல்னா ஃபவுலு. கை ஏறல, அடிச்ச." வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் சரியாக வைத்துக்கொண்டான். பிறகு சொன்னான். "ரெண்டு வாரமா கை சொன்ன பேச்சு கேக்கல. பயமா இருந்துச்சு. டீம்ல சொன்னா ஒக்கார வெச்சுடுவானுங்க, வூட்ல சொன்னா அழுவாங்க. உன்கிட்ட சொல்லலாம்னு நெனச்சேன். கோட்டுக்கு வெளிய நின்னுக்கினு, மச்சான்னு கூப்டேன்ல."

நான் எழுந்து, சந்துக்கு உருண்ட பந்தை எடுத்துவந்து அவன் மடியில் வைத்தேன்.

அடுத்த முறை போனபோது சட்டைப் பையில் விசிலை எடுத்துப் போனேன். அவன் பந்தைத் தள்ளினான். நான் எழுந்து நின்று விசில் அடித்து, எதிர்ப் பக்கம் கை காட்டினேன். "ஃபவுல் த்ரோ. ஒத்தக்கை." பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. உள்ளேயிருந்து அவன் மனைவி என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார். அவன் சிரித்தான். தோள் குலுங்க, பழையபடி சிரித்தான். "அத்த சொல்லு மச்சான்" என்றான். அந்த மேட்சுக்குப் பிறகு என்னை அப்படிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் எங்களுக்கு அதுதான் மேட்ச். பந்து நெஞ்சு வரைக்கும் வந்தது, பிறகு வயிறு வரைக்கும், பிறகு மடியை விட்டு எழவில்லை. நான் ஒவ்வொரு முறையும் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். உட்கார்ந்துகொண்டு போட்டால் செல்லாது என்றுகூட ஒரு நாள் சொன்னேன். அதற்கும் சிரித்தான். வலது கையும் நின்ற பிறகு, அவன் மனைவி பந்தை மடியில் வைத்துவிட்டுப் போவார். அவன் கண்ணால் என்னைக் கேட்பான். முழங்காலைக் கொஞ்சம் அசைத்து அதை உருட்டிவிடுவான். நான் விசில் அடிப்பேன். பேச்சு குழறிவிட்டது. ம-வில் ஆரம்பிப்பது மட்டும் எனக்குப் புரியும். அது போதுமாக இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போவதற்கு முன்பே முடிந்துவிட்டது. விசில் பையில்தான் இருந்தது.

ஆட்டோ ஸ்டாண்டில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்திருந்தார்கள். அதற்கு அவர்கள் தேடி எடுத்த படம், ஏதோ பழைய டோர்னமென்டில் அவன் த்ரோ போடுகிற படம். என் கண்ணுக்கு வேறு பழக்கம் தெரியாதே. முதலில் பாதத்தைத் தேடினேன். இடுப்போடு வெட்டியிருந்தார்கள், பாதம் இல்லை. கையைப் பார்த்தேன். இரண்டும் தலைக்குப் பின்னால், முழங்கைகள் ஒரே உயரத்தில். அதன் எதிரே ரொம்ப நேரம் நின்றேன். பல்லாவரம் போகிற ஷேர் ஆட்டோக்கள் ஹாரன் அடித்து என்னை ஒதுங்கச் சொன்னபோதுதான் நகர்ந்தேன்.

இன்னும் விசில் அடிக்கிறேன். ஃபவுல் த்ரோவும் கொடுக்கிறேன், கொடுக்காமல் விட்டால் அவன் கோபித்துக்கொள்வான். போன வாரம் ஒரு மேட்சில், கோட்டோரம் பந்தை வைத்துக்கொண்டு நின்ற ஒருவர் என்னைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவரிடம் போனேன்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் இல்ல சார்."

"இல்ல, ஏதோ சொன்னீங்க. கையில ஏதாவது வலியா?"

அவர் குழம்பிப்போய்த் தன் டீம்காரர்களைப் பார்த்தார். ஓரத்தில் இருந்தவர்கள் டைம் போகிறது என்று சத்தம் போட்டார்கள். நான் நகரவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இப்போதெல்லாம் கோட்டுக்கு வெளியே நின்று யார் வாயைத் திறந்தாலும் பக்கத்தில் போய்க் கேட்கிறேன். எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.